எங்கள் மரம் பட்டியலில் இல்லை

தொண்ணூறில், குண்டுவீச்சுக்குப் பயந்து எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பதுங்குகுழி வெட்டினார்கள். மேலே அடுக்கப் பன்னிரண்டு பனை வேண்டும். படவரைஞர் பயிற்சி முடித்து நான் வீட்டில் இருந்ததால், மரம் தெரிந்தெடுக்கிற வேலையை என்னிடம் தந்தார்கள்.

இலக்கம், சுற்றளவு, உயரம், வளவு என்று கொப்பியில் நாலு நிரல் கீறினேன். முதலில் அளந்தது எங்கள் கிணற்றடி மரத்தை. நன்றாக முற்றின மரம். அம்மா பிழிந்து காயவைத்துப் பனாட்டுப் போடுவது அதன் பழத்தில். எழுதின அளவை அழித்துவிட்டேன். அதற்குப் பதிலாக, கோயிலடிக் காணியில் காய்ந்த காவோலை கழிக்காமல் நின்ற மரம் பன்னிரண்டாவதாக வந்தது.

பக்கத்து மரத்தில் கள்ளிறக்கிக்கொண்டிருந்த அண்ணை இறங்கி வந்தார்.

"பிள்ளை, உதிலை மரநாய் குட்டி போட்டிருக்கு. மூண்டு."

"உங்கடை கள்ளுமுட்டியிலை வாய் வைக்கிற கள்ளியெல்லோ அது?"

"ஓம், குடிகாரிதான். அதுக்காகக் குட்டியளைக் கொல்லுறதே? ஒரு மாசம் விடுங்கோ."

"இறக்கி வேறை மரத்திலை விட ஏலாதோ?"

"தாய் கிட்டப் போக விடாது. உங்கடை கிணத்தடி மரம் நிக்குதெல்லோ, அதை எழுதுங்கோவன்."

"அதின்ரை சுற்றளவு பதுங்குகுழிக்குக் காணாது, அண்ணை."

அவர் என் கையிலிருந்த அளவுநாடாவைப் பார்த்தார். பிறகு திரும்பிப் போய்த் தன் மரத்தில் ஏறினார்.

மறுநாள் காலை மரம் சாய்ந்தது. தாய் அடுத்த பனைக்குப் பாய்ந்து தப்பிவிட்டது. குட்டிகள் மூன்றும் காவோலைக்குள் நசிந்து கிடந்தன.

"ஆர் இந்த மரத்தைத் தெரிஞ்செடுத்தது?" என்று வெட்டினவர்களில் ஒருவர் கேட்டார். எனக்குக் கேட்காதமாதிரிக் கொப்பியைப் புரட்டினேன்.

சில கிழமைகளில் எங்கள் கிணற்றடியில் பழவிதைகள் நிறைந்த எச்சம் கிடந்தது. தாய் எங்கள் மரத்துக்கே குடிவந்திருந்தது. அடுத்த வருசம் சந்தியில் பதுங்குகுழிக்கு மரம் கேட்டு வந்தபோது, எங்களுடையதை வெட்டச் சொன்னேன். அண்ணைதான் மறித்தார்.

"இப்ப வேண்டாம். அவள் திரும்பவும் குட்டியோடை."

மரம் நிற்கிறது. மரநாய்க்காக மரத்தைக் காத்தவள் என்று ஊரில் என்னைப் பற்றிச் சொல்கிறார்கள். போன கிழமை ஓர் ஆசிரியை, அதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வரும்படி கேட்டார். ஓம் என்றுவிட்டேன். சொல்ல வேண்டியவற்றை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன். எப்படி எழுதினாலும் முதலாவதாக வருவது, நான் அழித்த அந்தச் சுற்றளவுதான்.