ஹெந்தளையில் ஒரு குருட்டுக் குதிரையும் பார்வதி அக்காவும்

வியாழக்கிழமை காலை, வெள்ளவத்தை வீட்டில் மகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. குண்டு வெடிக்கும் இந்த நாட்களில் மணிச் சத்தத்துக்கே என் கை நடுங்கும். எங்கள் அம்புலன்ஸ் சாரதி நஸீர் நானா பேசினார். பார்வதி அக்கா கொட்டாஞ்சேனை வீட்டில் உறக்கத்திலேயே போய்விட்டாராம். மாரடைப்பு. பிரசவ விடுப்பு முடிந்து திங்களன்று நான் வேலைக்குத் திரும்பவேண்டும். முடியுமா என்று பயந்திருந்த என்னிடம், முதல் நாள் கூடவே வருவதாகச் சொல்லியிருந்தவர் அவர்.

அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அக்காவும் எங்களோடு அம்புலன்ஸில் முதலுதவி செய்தவர். நுவரெலியாவில் பந்தயக் குதிரைகளைப் பராமரித்த குடும்பம். கண் தெரியாமற்போன பெட்டைக் குதிரையொன்றை உரிமையாளர் கைவிட்டபோது, அதை ஹெந்தளையில் தெரிந்தவரின் கடலோரத் தோட்டத்துக்குக் கொண்டுவந்தார். குண்டு வெடித்த இடங்களுக்குப் போய்வந்து உறக்கமிழந்திருந்த எங்களை ஞாயிறுகளில் அங்கே அழைத்துப் போனார்.

கயிறும் இல்லை, சேணமும் இல்லை. வேலிக்குள் ஒவ்வொருவராகப் போய்ச் சும்மா நிற்கவேண்டும். காயப்பட்டவர்களுக்குக் காட்டிப் பழகிய அதே புன்னகையோடு நாங்கள் நின்றோம். பார்வையற்ற அந்தக் குதிரை எங்களைக் கண்டுவிட்டதுபோல் பின்வாங்கியது.

"பொண்ணு பாக்கப் போன இடத்திலயும் எனக்கு இதுதான் நடந்திச்சு" என்றார் நஸீர் நானா.

அக்கா சிரிக்கவில்லை. "மேல சிரிப்பு, உள்ள பயம்னா இது நம்பாதுங்க. பயமா இருந்தா பயமாவே நில்லுங்க. மூச்ச மட்டும் முழுசா விடுங்க."

கண்ணை மூடி, நடுங்கியபடியே நின்றேன். காலடிச் சத்தம் கேட்கவில்லை. திடீரென்று கழுத்தில் சூடான மூச்சு பட்டது. எது என்னுடையது, எது அதனுடையது என்று சற்று நேரம் எனக்குத் தெரியவில்லை.

பிறகொரு நாள், வெள்ளவத்தையூடாகப் போகும் பெருந்தெருவான காலி வீதியில் குண்டு வெடித்தது. அப்போது நான் மூன்று மாதக் கர்ப்பிணி. அம்புலன்ஸ் கதவைப் பிடித்தபடி உறைந்துபோனேன். அக்கா என் கழுத்தருகே நின்று, அந்தக் குதிரை விடுவது போலவே நீளமாக மூச்சு விட்டார். "பயம் அது பாட்டுக்கு இருக்கட்டும். கைய வேலைக்கு விடு" என்றார். புகைக்குள் இறங்கினோம். ஒரு பெண்ணின் காலுக்குக் கட்டுப் போட்டேன். பயம் போகவேயில்லை, கை நடுக்கம் மட்டும் நின்றது.

வெள்ளியன்று பொரளை மயானத்தில் அடக்கம் முடிந்ததும், மகளையும் தூக்கிக்கொண்டு நஸீர் நானாவும் நானும் ஹெந்தளைக்குப் போனோம். குதிரை வெறும் வெளியில் தலை தாழ்த்தி, காதுகளை முன்னுக்கு நீட்டி நின்றது. நம்பிய ஆள் முன்னால்தான் அது அப்படி நிற்கும். அங்கே ஆள் இல்லை. வியாழன் விடியலிலிருந்து இப்படித்தான், தண்ணீருக்கும் அசையவில்லை என்றார் தோட்டக்காரர்.

"நான் வரல்ல, தங்கச்சி" என்று நஸீர் நானா வேலிக்கு வெளியிலேயே நின்றுவிட்டார். மகளை அவரிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனேன். குதிரை என் பக்கம் திரும்பவில்லை. அதன் மூச்சு கேட்டது, என் மூச்சு கேட்டது. எங்கள் இருவருக்கும் நடுவே மூன்றாவதாக, அன்று காலி வீதியில் என் கழுத்தருகே கேட்ட அதே நீளமான மூச்சும் கேட்டது.

எனக்குப் பயமாக இருந்தது. அதை மறைக்காமல் நின்றேன். கொஞ்ச நேரத்தில் குதிரை தலையை உயர்த்தி, தண்ணீர்த் தொட்டியை நோக்கி நடந்தது.

அக்கா, திங்கட்கிழமை நான் அம்புலன்ஸில் ஏறுகிறேன். கை நடுங்கும். ஆனாலும் ஏறுவேன். எனக்காக நீங்கள் இனி நிற்கவேண்டாம். போய் வாருங்கள்.