மடித்தால் எந்தப் பெட்டி?

பல் மருத்துவப் படிப்புக்கு நுழைவுத் தேர்வு எழுதுகிறவர்களைத் தயார்ப்படுத்துவது என் தொழில். அதில் வேதியியலைக்கூட விளங்கப்படுத்திவிடலாம், பெட்டி மடிப்பதைத்தான் ஏலாது. விரித்த அட்டை ஒன்றின் படம் திரையில் வரும். அதை மடித்தால் கீழேயுள்ள பெட்டிகளில் எது வரும் என்று கேட்பார்கள். கையால் தொட வழியில்லை, மனதுக்குள்தான் மடிக்க வேண்டும். இந்தக் கேள்விகளோடு மல்லுக்கட்டிய அன்பர்களே, நீங்கள் தனியாக இல்லை.

திறந்த வாய்

ஜெர்மனியில், எசன் நகரில் என்னிடம் வந்த தர்சினி, பல் மருத்துவர் ஒருவரிடம் உதவியாளராக வேலை செய்தாள். முதல்முறை தேர்வில் மடிப்புக் கேள்விகள்தான் அவளைக் கவிழ்த்தன. இன்னும் ஒருதடவைதான் எழுத விடுவார்கள். முதல் வகுப்பில் தலையைச் சாய்த்துப் பார்த்தாள், கதிரையைத் திருப்பிப் பார்த்தாள், கடைசியில் பேனாவை வைத்துவிட்டாள்.

"அக்கா, வாயைத் திறந்து காட்டினா எனக்கு எல்லாம் விளங்கும். மூடின பெட்டிதான் ஏலாது."

குளிசை

பயிற்சிக்கு வீட்டிலுள்ள பெட்டிகளை விரித்துப் பார்க்கச் சொன்னேன். தர்சினியின் தாய் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். அடுத்த கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனபோது கோர்ன்பிளேக்ஸ் பானைக்குள் இருந்தது. பற்பசைப் பெட்டி முதல் மருந்துப் பெட்டி வரை எல்லாம் சுவரில் தட்டையாக ஒட்டியிருந்தது. தகப்பன் கிண்ணம் ஒன்றில் குவிந்து கிடந்த குளிசை அட்டைகளைக் கிளறி, பிரசருக்கு உரியதைத் தேடிக்கொண்டிருந்தார்.

"பிள்ளை டொக்டரா வாறது நல்லதுதான் ரீச்சர். அதுவரைக்கும் நானும் இருக்க வேணுமெல்லோ."

கன்னப்பக்கம்

தேர்வு நெருங்கியும் பாதிக்கு மேல் பிழையாகவே வந்தது. எனக்கே நம்பிக்கை விட்டுப்போன ஒரு சனிக்கிழமை, தர்சினி கொடுத்ததையெல்லாம் சரியாகப் போட்டாள். என்ன செய்தாய் என்று கேட்டேன். திரையில் ஒவ்வொரு பக்கமாக விரல் வைத்துக் காட்டினாள்.

"இது கடிக்கிற பக்கம், இது கன்னப்பக்கம், இது நாக்குப்பக்கம். பெட்டியெண்டு நினைச்சாத்தான் பயம் அக்கா, கடைவாய்ப்பல்லெண்டு நினைச்சா ஓடிப்போய்ப் பொருந்துது."

எக்ஸ்ரே அறை

தேர்வில் தேறி, பல் மருத்துவம் படிக்க இடம் கிடைத்த செய்தி வேலை நேரத்தில் வந்தது. எக்ஸ்ரே அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாளாம். அவளுடைய டொக்டர், ஒரு ஜெர்மன் அம்மா, தேடி வந்து விசயத்தைக் கேட்டு, கட்டிப்பிடித்து, தானும் கண்ணைத் துடைத்துவிட்டுச் சொன்னதை அவள் எனக்கு அப்படியே தமிழில் சொன்னாள்.

"ஆறுதலா அழுதுபோட்டு வா. ஆனா வெளியில ஒருத்தர் வாயைத் திறந்தபடி இருக்கிறார்."

வீடு மாறல்

பல்கலைக்கழகம் வேறு நகரத்தில். சாமான் கட்ட நானும் போனேன். கடையில் வாங்கிய தட்டை அட்டைகளை நானும் தர்சினியும் பேசிப் பேசி மடித்து, கோப்பைகளை அடுக்கித் தூக்கினோம். படிக்கட்டில் பெட்டியின் அடிப்பக்கம் திறந்துகொண்டது. தாய் குனிந்து உடைந்த துண்டுகளைப் பொறுக்கினார்.

"இவ்வளவு நாளும் ரெண்டு பேரும் என்னத்தை மடிச்சனியள்?"

இப்போது என் வகுப்பில் இடமில்லாத அளவுக்குப் பிள்ளைகள் வருகிறார்கள். வீடு மாறுகிறவர்கள் மட்டும் என்னை உதவிக்குக் கூப்பிடுவதில்லை.