சொடக்குப் போட்ட என் மகள்

நான் றக்வானைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறேன். என் ஏழு வயது மகள், டிவி நாடகத்து வில்லியைப் போல விரலைச் சொடுக்கி, "யாரக் கேட்டு உள்ள வந்த? வெளிய போ!" என்று பேசிக்காட்டுவாள். நான் விழுந்து விழுந்து சிரிப்பேன்.

விடாமல் மழை பெய்த ஒரு மாலை, வேலை முடிந்து வந்தேன். நாங்கள் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னாலிருந்த மண்மேடு பிளந்திருந்தது. சனமெல்லாம் பாடசாலைக்கு ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டு மேரி அத்தை மட்டும் எங்கள் கதவைத் தட்டிக்கொண்டு நின்றார்.

"புள்ளைய கூட்டிட்டுப் போக வந்தேன். சொடக்குப் போட்டு வெளிய போன்னு சொல்லிட்டு, கதவப் பூட்டிக்கிச்சு!"

உள்ளே டிவி அலறியது. கூடையை வீசிவிட்டுக் கத்தினேன். என் குரல் கேட்டுத்தான் திறந்தாள். அத்தை அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினார். நாங்கள் பாடசாலையை அடையும் முன்பே மண் சரிந்து எங்கள் குசினியை அடுப்போடு மூடிவிட்டது.

அத்தை அவள் தலையைத் துவட்டினார்.

"அத்தைய ஏன் அப்படிச் சொன்ன?" என்று அதட்டினேன்.

"சொன்னா நீங்க சிரிப்பீங்கதானேம்மா."

இன்றும் நாடகம் பார்க்கிறோம். வில்லி சொடக்குப் போட்டதும் மகள் டிவியை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்க்கிறாள். நான் சிரிப்பதில்லை.