உப்பிய மூடிகள்

பிரேசர் டவுன் கிளாரன்ஸுக்கு எண்ணுவதுதான் வேலை. ஓர் உணவு ஆராய்ச்சிக் கூடத்தில் பதினாறு வருஷமாக டெக்னீஷியன். கண்ணாடித் தட்டில் முளைத்திருக்கும் பாக்டீரியாப் புள்ளிகளை எண்ணி நோட்டில் எழுதுவார். அவர் எழுதியதை யாரும் மறுபடி சரிபார்த்ததில்லை.

1996இல் அங்கே அலர்மேல்மங்கை என்ற விஞ்ஞானி ஒரு தயிரோடு மல்லுக்கட்ட ஆரம்பித்தார். வயிற்றுக்கு நல்லது செய்யும் பாக்டீரியா அதில் உயிரோடு இருக்க வேண்டும். அதுவும் ஃப்ரிட்ஜ் இல்லாத பெட்டிக்கடை அலமாரியில், மூன்று வாரம். இரண்டாம் வாரத்துக்குள் எல்லாம் செத்துப்போயின. பாலை மாற்றினார், சூட்டை மாற்றினார். "ஜீரோ, மேடம்" என்று கிளாரன்ஸ் சொல்லும்போதெல்லாம், "பரவாயில்ல, நாளைக்கு வேற பண்ணலாம்" என்பார். மூன்று வருஷம் பார்த்துவிட்டு மேலிடம் ஆய்வை மூடியது. அவரும் வேலையை விட்டுவிட்டார்.

அடுத்த மாதம் அவருடைய அறையைக் கிளாரன்ஸ் காலி செய்தபோது, அலமாரிக்குப் பின்னால் அந்தத் தயிர்க் கப் ஒன்று கிடைத்தது. மூடி உப்பியிருந்தது. எங்கிருந்தோ ஈஸ்ட் புகுந்தால் வாயு சேர்ந்து இப்படி ஆகும். அப்படிப்பட்ட கப்பைத் திறக்காமலே நீராவியில் வேகவைத்துக் கொட்டிவிட வேண்டும் என்பது விதி. அன்றைக்கு ஏனோ கிளாரன்ஸ் அதைத் திறந்து, ஒரு சொட்டு எடுத்துத் தட்டில் பரப்பினார்.

இரண்டு நாளில் தட்டு கொள்ளாமல் முளைத்திருந்தது. ஐந்து வாரம் வெளியில் கிடந்த தயிரில் அந்த பாக்டீரியா உயிரோடிருந்தது. பாக்டீரியாவைக் கொல்லும் புளிப்பை ஈஸ்ட்தான் தின்று குறைத்து, அதைச் சாகவிடாமல் காப்பாற்றியிருக்க வேண்டும்.

கிளாரன்ஸ் பழைய நோட்டுகளை எடுத்துப் புரட்டினார். 'மூடி உப்பல். அழிக்கப்பட்டது.' அவருடைய கையெழுத்தேதான். நாற்பத்தொரு இடத்தில்.

வீட்டில் மனைவி சரளாவிடம் சொன்னார்.

"நீ சொல்லாட்டி யாருக்குத் தெரியப்போவுது? அந்தம்மா இப்பத்தான் மனச தேத்திக்கினு இருப்பாங்க. வுட்டுடு."

விட முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் பஸ் ஏறி, ஜெயநகரில் மேடம் வீட்டுக்குப் போனார். ஹாலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தார்.

"எத்தனை கப்?"

"நாப்பத்தொண்ணு மேடம். எல்லாம் நான்தான் கொட்டினேன்."

மேடம் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். பிறகு, "உக்காருங்கோ கிளாரன்ஸ். திறக்கப்படாதுன்னு விதி எழுதினதே நான்தானே. நீங்க என்ன பண்ணுவேள்?" என்று காப்பி கொண்டுவரப் போனார். காப்பி வர நேரமானது. வந்தபோது அவர் முகம் கழுவியிருந்தார்.

அந்த வாரமே இருவரும் அந்தத் தட்டோடு போய் டைரக்டரைப் பார்த்தார்கள். மேடம் பத்து நிமிஷம் விளக்கினார். மூன்று மாசம் கொடுங்கள், நல்ல ஈஸ்ட் ஒன்றை நாமே சேர்த்துப் பார்க்கிறேன், சம்பளம்கூட வேண்டாம் என்றார்.

டைரக்டர் தட்டைத் தொடக்கூட இல்லை. "ஒரே ஒரு கப்ப வெச்சிக்கிட்டா பேசறீங்க? ஈஸ்ட் வந்தா அது கெட்டுப்போன தயிர், மேடம். மூடின ஃபைல மறுபடி திறக்க முடியாது."

பஸ் நிறுத்தம்வரை இருவரும் நடந்தார்கள். மேடத்தின் பஸ் திருப்பத்தில் தெரிந்தபோது, அவர் ரோட்டைப் பார்த்தபடியே கேட்டார்:

"நாப்பத்தொண்ணுல ஒண்ணே ஒண்ணையாவது நீங்க திறந்து பாத்திருக்கப்படாதா, கிளாரன்ஸ்?"

பஸ் வந்து நின்றது. மேடம் ஏறிக்கொண்டார். பஸ் கிளம்பியது.

அதற்குப் பிறகு அவரை கிளாரன்ஸ் பார்க்கவில்லை. மகனோடு அமெரிக்கா போய்விட்டதாக யாரோ சொன்னார்கள். கிளாரன்ஸ் ஓய்வு பெறும்வரை அதே கூடத்தில்தான் எண்ணிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தட்டையும் இரண்டு தடவை எண்ணினார்.

டைரக்டரைப் பார்த்த அன்று, வீடு திரும்பியதும் சரளா கேட்டாள்: "அந்தம்மா என்னா சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல" என்றார் கிளாரன்ஸ்.