ஷேக் தாஹரின் முழங்கால்

மெதேயா மலையூரில் பனிக்காலம் பிறந்தாலே ஷேக் தாஹருக்குப் பயம் வந்துவிடும். மேல்தெருப் பள்ளிவாசலின் இமாம் அவர். குரல் இன்னும் கணீரென்றுதான் இருந்தது. வலது முழங்கால்தான் சொன்ன பேச்சு கேட்பதில்லை. காலையில் எழுந்ததும் மரக்கட்டையாக விறைத்துக் கிடக்கும். படி இறங்கினால் உள்ளே கரகரவென்று சத்தம்.

"மூட்டு தேஞ்சிருக்கு, ஷேக். ஆலிவ் எண்ணெய் தேய்ச்சா தேஞ்சது வளராது, படுத்தே கிடந்தாலும் சரியாகாது" என்றார் டாக்டரம்மா. "தினம் நடங்க. தொடையை வலுவாக்குங்க. உடம்பு கொஞ்சம் குறையணும். முட்டியை முழுசா மடக்காதீங்க, நாற்காலியில தொழுங்க."

கடைசிச் சொல்லை மட்டும் அவர் வீட்டில் சொல்லவில்லை. நெற்றியைத் தரையில் வைக்க முடியாத இமாம், முடிகிறவர்களுக்கு முன்னால் நின்று தொழவைக்கக் கூடாது. அவர்கள் வழிமுறை அப்படி. நாற்காலியைத் தொட்டால் இமாம் இடம் போயிற்று.

இன்னொரு வில்லங்கமும் இருந்தது. தச்சர் லக்தர் முன்பு ஒருநாள், "முட்டி வலிக்குது ஷேக், ஓரமா ஒரு நாற்காலி போட்டுக்கவா?" என்று கேட்டபோது, "இது பள்ளிவாசலா, காபிக் கடையா?" என்று எல்லார் முன்னாலும் மடக்கியவர் இவர்தான். சபையே சிரித்தது. அதற்குப் பிறகு லக்தர் தொழுகைக்கு வரவில்லை. சோம்பேறி என்று தாஹர் முடிவுகட்டிவிட்டார்.

"ஊரை ஏமாத்துறீங்க சரி, படிக்கட்டை எப்படிங்க ஏமாத்துவீங்க?" என்றாள் மனைவி ஸுலிக்கா. அவர் காதில் வாங்கவில்லை.

அன்று மாலைத் தொழுகை. தரையில் நெற்றி வைத்தார். அவருக்குப் பின்னால் ஊரே நெற்றி வைத்தது. எழ முயன்றார். முட்டிக்குள் கத்தி பாய்ந்த மாதிரி வலி, கால் அசையவில்லை. அவர் "அல்லாஹு அக்பர்" என்று சொன்னால்தான் மற்றவர்கள் எழ முடியும். யாரோ இருமினார்கள். பிறகு இன்னொருவர். கையை ஊன்றிப் பார்த்தார், உடம்பு எழும்பவில்லை. வியர்வை பாயில் சொட்டியது. யா அல்லாஹ், இன்று ஒருநாள் காப்பாற்று என்று கெஞ்சினார். கால் கேட்கவில்லை.

கடைசியில் கையைப் பின்னால் நீட்டி, தபால்காரர் நூர்தீனின் சட்டையைப் பிடித்து முன்னால் இழுத்தார். மீதித் தொழுகையை நூர்தீன் நடத்தினார். தாஹரை நான்கு பேர் தூக்கிவிட்டார்கள். அவருக்கு உயிரே போன மாதிரி இருந்தது.

மறுநாள் ஸுலிக்கா கொடுத்த சமையலறை நாற்காலியைக் கடைசி வரிசையில் போட்டு, தலை நிமிராமல் உட்கார்ந்தார். பக்கத்தில் இன்னொரு நாற்காலி தரையில் உரசியது. லக்தர், தன் கையால் செய்த நாற்காலியோடு.

"காபிக் கடை திறந்தாச்சுன்னு சொன்னாங்க, ஷேக்."

தாஹர் அவர் பக்கம் திரும்பினார். "உனக்கும் இப்படித்தான் வலிச்சுதா? அதனாலதான் வரலையா?"

"வலி வீட்டுல உக்கார வெச்சுது. நாற்காலியோட வந்திருப்பேன், நீங்கதான் கதவைச் சாத்திட்டீங்க."

வெட்கத்தில் தாஹரின் கண் நிறைந்தது. முன்னால் நூர்தீன் தொழுகையைத் தொடங்க எழுந்தார். தாஹர் லக்தரின் கையைப் பிடித்துக்கொண்டார். வாசலில் பள்ளிக்கூடக் காவலாளி ஒரு முக்காலியைத் தூக்கிக்கொண்டு, வரலாமா என்பதுபோல அவரையே பார்த்து நின்றார். தாஹர் தன் நாற்காலியை நகர்த்தி அவருக்கு இடம் விட்டார்.