கதவைச் சாத்திக்கொண்டு கேட்பவர்

ரத்த வங்கியில் அவருக்குக் கதவக்கா என்று பெயர். ரத்தம் கொடுக்க வருகிறவர்களைத் தனியறையில் உட்கார வைத்து, கதவைச் சாத்திய பிறகுதான் முதல் கேள்வியே கேட்பார். மஞ்சள் காமாலை வந்திருக்கிறதா, பச்சை குத்தினீர்களா, ஊசி ஏதாவது போட்டுக்கொண்டீர்களா, வேறு யாரோடாவது உறவு உண்டா? கடைசிக் கேள்வியையும் காய்கறி விலை விசாரிக்கிற குரலில்தான் கேட்பார்.

"தெருக்கதை பூரா சொல்ற, ஆபீஸ் கதை மட்டும் ஒண்ணுகூட வர மாட்டேங்குதே" என்று கணவர் குறைப்பட்டுக்கொள்வார்.

"அதுக்குத்தான் எனக்குச் சம்பளமே" என்பார் இவர்.

ஒருநாள் லாரிப் பட்டறையிலிருந்து கூட்டமாக வந்தார்கள். அதில் ஒரு வெல்டர். சட்டைக் கை தெறித்துவிடும் போலப் புஜம். ஊசிக் கேள்வி வந்ததும் கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டான்.

"உடம்பு ஏறும்னு ஜிம்முல போட்டுக்கிட்டோம் அக்கா. போன மாசம். நாலு பேருக்கும் ஒரே ஊசி."

"அப்படி வர்ற கிருமி டெஸ்ட்ல உடனே தெரியாது தம்பி. இன்னிக்கு உங்க ரத்தம் வேணாம், டெஸ்ட்டுக்கு மட்டும் கொஞ்சம் குடுங்க. மூணு மாசம் கழிச்சு இன்னொரு தடவை பார்த்துடலாம். அதுவரைக்கும் வீட்டுல ஜாக்கிரதையா இருங்க, புரியுதா?"

புரிந்தது. கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை.

"வெளிய நிக்கிறவங்க கேட்டா?"

"என்ன வேணா சொல்லிக்கங்க. நான் வாயைத் திறக்க மாட்டேன்."

வெளியே போனவன் வாயில் வந்தது, இரும்புச்சத்துக் குறைவு. பட்டறைக் கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. "இரும்பைத் தூக்கினா போதுமாடா? கொஞ்சம் உள்ளயும் போகணும்!" விஷயம் அவன் வீடு போய்ச் சேர்ந்தது. அன்றிலிருந்து தினமும் கீரை.

முதல் சோதனையில் ஒன்றுமில்லை. இரண்டாவதன் முடிவு கேட்க வந்தபோது மனைவியும் கூடவே வந்துவிட்டாள்.

"இவருக்கு இரும்பு ஏறிச்சா இல்லையா அக்கா? கீரைக்காரம்மா என்னைப் பார்த்தாலே ரெண்டு கட்டு எடுத்து வைக்குது."

"நீங்க கொஞ்சம் வெளிய இருங்கம்மா."

"கட்டினவ நான். எனக்குத் தெரியாம அப்படி என்ன?"

கதவக்கா அசையவில்லை. அவன்தான், "இருக்கட்டும் அக்கா" என்றான். மனைவி பக்கம் திரும்பி, ஊசியிலிருந்து எல்லாவற்றையும் சொன்னான். குறட்டை விடுகிறேன் என்று தனியாகப் படுத்ததும் அதனால்தான் என்றான்.

அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "ரிசல்ட் என்ன அக்கா?"

கதவக்கா அவனைப் பார்த்தார். அவன் தலையசைத்தான்.

"ஒரு கிருமியும் இல்ல. நல்லாயிருக்கார்."

அவன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். அவள் அழப்போகிறாள் என்று கதவக்கா தண்ணீரை நகர்த்தி வைத்தார். அவளோ ஒரே மடக்கில் குடித்துவிட்டு, "நாலு பேருன்னீங்களே, மத்த மூணு பேர் யாரு?" என்றாள்.

"அதை விடேன்..."

"யாருன்னு கேட்டேன்."

"ஒருத்தன் உன் தம்பி."

"எந்திரிங்க" என்றாள். "அவனுக்குப் பொண்ணு பார்த்துக்கிட்டிருக்கோம்! அக்கா, சாயங்காலம் வரைக்கும் இருப்பீங்களா?"

"இருப்பேன். திட்டாம கூட்டிட்டு வாங்க."

"அதை மட்டும் கேக்காதீங்க."

மாலையில் மூன்று தடியன்களை முன்னால் நடக்கவிட்டு அவள் பின்னால் வந்தாள்.