ஸ்பீக்கர் கடையும் என் நெற்றிப்பொட்டும்

துணிக்கடையில் பிரித்துப் பார்ப்பார்கள், காய்கறிக் கடையில் ஒடித்துப் பார்ப்பார்கள். எங்கள் புளூடூத் ஸ்பீக்கர் கடையில் அலறவிட்டுத்தான் பார்ப்பார்கள். தக்கலையில் மூன்று வருடமாக இந்தக் கவுண்டரில் நிற்கிறேன். பக்கத்து வீட்டு டிவிக்கும் பஸ்ஸில் ஓடும் செல்போன் வீடியோவுக்கும் நெற்றியைப் பிடித்துக்கொள்ளும் சக தலைவலிக்காரர்களே, உங்களுக்குத்தான் இது.

யாருக்குக் கேட்க வேண்டும்?

துபாயிலிருந்து லீவில் வந்த ஒருவர், அம்மா ஜெபப் பாட்டுக் கேட்க ஸ்பீக்கர் வேண்டும் என்றார். ஐந்தை வரிசையாக முழுச் சத்தத்தில் வைத்துப் பார்த்தார். மூன்றாவதிலேயே என் வலது நெற்றிப்பொட்டில் யாரோ ஆணி அடிக்கத் தொடங்கிவிட்டார்கள். ஐந்தாவதில் கண்ணாடி அலமாரி நடுங்கியது. "இதும் சத்தம் கொறவாட்டுதான் இருக்கு" என்றார். அம்மாவுக்குச் செவி மந்தமோ என்று கேட்டேன்.

"அம்மைக்கு நல்லா கேக்கும். பக்கத்து வீட்டுக்காரனுக்குத்தான் கேக்கணும்."

பஞ்சு

வலி தாங்காமல் ஒருநாள் இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொண்டேன். சுசீந்திரத்திலிருந்து வந்த ஓர் அக்கா ஹெட்செட் கேட்க, நான் சார்ஜரை எடுத்துக் கொடுத்தேன். மறுபடி கேட்டார், கேபிளைக் கொடுத்தேன். அவர் கோபப்படவில்லை. தன் காதைத் தொட்டுக் காட்டினார், ஹெட்செட் கிடைத்தது. போகும்போது முதலாளி பக்கம் குனிந்து ஏதோ பேசினார். பஞ்சைத் தாண்டி அது மட்டும் தெளிவாகக் கேட்டது.

"செவி கேக்காத பிள்ளைய ஸ்பீக்கர் கடையில வேலைக்கு வச்சிருக்கியளே, உங்க மனசு யாருக்கு வரும்!"

டோக்கன்

வீட்டில் கரண்டி விழுந்தால்கூட வாந்தி வரும் என்கிற அளவுக்கு ஆனதும், பயந்துபோய் டாக்டரிடம் ஓடினேன். கண்ணையும் காதையும் பார்த்தார், எங்கே வேலை என்றும் கேட்டுக்கொண்டார். "சத்தத்த விட்டு விலகி இருந்தாத்தான் இது அடங்கும்மா" என்று அவர் சொல்லி முடிக்கவில்லை, தலைக்கு மேலே டோக்கன் கூப்பிடும் ஸ்பீக்கர் கிறீச்சிட்டது. இருவரும் ஒரே நேரத்தில் நெற்றியைப் பிடித்துக்கொண்டோம். மருந்துச் சீட்டை நீட்டும்போது டாக்டர் குரலைத் தாழ்த்தினார்.

"உங்க கடையில இதவிட சத்தம் கொறஞ்சது இருக்கா?"

நாலு மணி

டாக்டர் சொன்னதை முதலாளியிடம் சொன்னேன். சோதித்துப் பார்க்கப் பாதிச் சத்தம் போதும் என்று ஒரு விதி வைக்கச் சொல்லிக் கெஞ்சினேன். "சத்தம் போடாத ஸ்பீக்கர எவன் வாங்குவான்? உனக்கு வேலை செய்ய மடி, அந்தச் சோம்பலுக்கு இது ஒரு சாக்கு" என்றார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. "அப்ப நாளைக்கு நீங்களே நில்லுங்க அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு இறங்கி வந்துவிட்டேன்.

வேலை போயிற்று என்றுதான் நினைத்தேன். மறுநாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. சாயங்காலம் நாலு மணிக்கு முதலாளியிடமிருந்து போன். பின்னால் மூன்று ஸ்பீக்கர்கள் மூன்று பாட்டுப் பாடிக்கொண்டிருந்தன. அவர் குரல் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"மக்கா, டாக்டர் உனக்கு எழுதின அந்த மாத்திரைக்குப் பேரு என்ன?"

இப்போது எங்கள் கடையில் பாதிச் சத்தம்தான். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள், எங்கள் முதலாளிக்குக் காய்ச்சல் வரை போக வேண்டியிருக்கவில்லை.